வியட்நாம் மாணவர்களுக்கு ‘வேலை போனதை’ ஆங்கிலத்தில் சொல்லித்தருவது எப்படி?

நெல்மணி:

எல்லோருக்கும் வணக்கம். ஹோ சி மின் நகரத்தில், தான் பிங் பகுதியில், பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். பெரும்பாலும் தையல் ஆலை, ஷூ ஆலைகளில் லைன் லீடர், செக்கிங், ஸ்டோர்ஸ் என்று வேலை பார்ப்பவர்கள், அல்லது பார்த்தவர்கள். ராத்திரி ஏழு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டைக்கூட முழுசாகக் கழற்றாமல் வந்து உட்காருவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நேர்காணல் பயிற்சி வைத்தேன். நான் மேனேஜர் இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். ஒரே ஷூ ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெண். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதும், நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, “ஐ ஃபயர்ட் இன் மார்ச்” என்றார். யாரை நீக்கினீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. அப்புறம் வியட்நாமிய மொழியில் விசாரித்தேன். ஆர்டர் வராததால் அவருடைய லைனையே மூடிவிட்டு, அறுபது பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

‘வாஸ்’ விட்டுப்போனதால் வேலை போனவர் வேலையிலிருந்து நீக்கியவர் ஆகிவிட்டார். அது ஒரு தவறு. ஆனால் என்னை உறுத்துவது இன்னொன்று. ‘வாஸ்’ சேர்த்துச் சொல்லியிருந்தாலும் ‘ஃபயர்ட்’ என்றால் இவர் ஏதோ குற்றம் செய்து துரத்தப்பட்டவர் என்றுதானே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்? ஒன்பது வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தவர், நாலே வார்த்தையில் தன் மேலேயே பழி போட்டுக்கொள்கிறார்.

அதற்கு முந்தின வாரம் இருபத்திரண்டு சொல் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தேன். செய்தார்கள். ஒரு பயனும் இல்லை. நீங்கள் என்றால் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

கடலோடி:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். முதல் வேலையாகப் பட்டியலை எடைக்குப் போட்டுவிடுங்கள். இருபத்திரண்டில் பாதி, ஒரே சங்கதிக்கு இரண்டு நாட்டுக்காரர்கள் வைத்த இரண்டு பெயராக இருக்கும். இங்கே ‘சேக்ட்’ என்பதை அமெரிக்காவில் ‘ஃபயர்ட்’ என்பார்கள். இங்கே ஆட்குறைப்பில் போனவர் ‘மேட் ரிடன்டன்ட்’, அங்கே ‘லெய்ட் ஆஃப்’. இங்கே ‘ரிடன்டன்ட்’ என்பது சட்டச் சொல்லும்கூட. 1965-லேயே அதற்கு இழப்பீடு தரச் சட்டம் வந்துவிட்டது.

‘லே ஆஃப்’ முன்பெல்லாம் தற்காலிகமாக நிறுத்திவைப்பதையே குறித்தது. வேலை வந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற அர்த்தம் அதில் இருந்தது. இப்போது நிரந்தரமாக அனுப்புவதற்கும் அதையே சொல்கிறார்கள். உங்கள் ஆட்களுக்கு அந்த ஒன்று போதும். ‘ரிடன்டன்ட்’ பக்கம் போகவேண்டாம், வாயில் நுழையவும் நுழையாது.

பிங்யுவொங்_வாசி:

நெல்மணி அக்கா, நான் பிங் யுவொங்கில் (இப்போது அதையும் உங்கள் நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள்) ஒரு மரச்சாமான் ஆலையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எட்டு வருடமாக இந்தக் காகிதங்களோடுதான் புழக்கம். நீங்கள் தேடும் வழி வியட்நாம் தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது.

உங்கள் மாணவர்கள் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: ‘ஙி வியெக்’. (‘ஙி’ என்ற எழுத்தைத் தமிழில் அரிச்சுவடிக்கு வெளியே நான் எழுதியதே இல்லை. இங்கே வந்து தினமும் அதற்கு வேலை.) ‘ஙி’ என்றால் ஓய்வு, நிறுத்தம். தானாக விட்டாலும் அதுதான், அனுப்பிவிட்டாலும் அதுதான். இன்றைக்கு லீவு என்பதற்கும் அதைச் சொல்வார்கள். சட்டத்துக்கு அப்படி முடியாது. அது பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது.

‘சா தாய்’ என்றால் ஒழுங்கு நடவடிக்கையாக நீக்குவது. 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் சட்டத்தின் 125-ஆவது பிரிவு அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறது: திருட்டு, சூதாட்டம், வேண்டுமென்றே ஆளைக் காயப்படுத்துவது, வேலையிடத்தில் போதைப்பொருள், ரகசியத்தை வெளியே விடுவது, பாலியல் தொல்லை, சரியான காரணம் இல்லாமல் 30 நாளில் மொத்தம் 5 நாள் அல்லது 365 நாளில் 20 நாள் வராமல் இருப்பது. ‘ஃபயர்ட்’ என்பதற்கு நேரான இடம் இதுதான்.

‘மத் வியெக்’ என்றால் வேலை இழப்பு. ஆலையின் அமைப்பை மாற்றுவது, புது இயந்திரம் வருவது, பொருளாதாரக் காரணம் ஆகியவை இதில் வரும். ஆள் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. இதற்கென்று தனி இழப்பீடும் உண்டு: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், குறைந்தது இரண்டு மாதச் சம்பளம். வேலையின்மைக் காப்பீடு கட்டிய வருடங்களை மட்டும் கழித்துவிடுவார்கள். உங்கள் மாணவி சொல்லவேண்டியது இதைத்தான். ‘லெய்ட் ஆஃப்’.

‘தோய் வியெக்’ பொதுவாக வேலை முடிவது. விட்டுப்போகிறவருக்கான தொகைக்கும் இந்தப் பெயர்தான், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்.

‘தூ சுக்’ என்று ஒன்று உண்டு. பதவி விலகுவது. அமைச்சர், இயக்குநர் போன்றவர்கள் செய்வது. தையல்காரர் ‘தூ சுக்’ செய்யமாட்டார். ஆனால் அகராதியில் ‘ரிசைன்’ என்று தேடினால் முதலில் இதுதான் வந்து நிற்கும். அதனால் ‘ரிசைன்’ பெரிய மனிதர்களுக்கான சொல், நமக்கில்லை என்று உங்கள் ஆட்கள் ஒதுங்குவார்கள். ஆங்கிலத்தில் லைனில் உட்காருகிறவரும் ‘ரிசைன்’ செய்யலாம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

வகுப்பில் சொற்களை முதலில் எடுக்காதீர்கள். இரண்டு கேள்வியில் ஆரம்பியுங்கள். முடிவு யாருடையது? தவறு யாருடையது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்து விழும்.

இலக்கணப்பித்தன்:

தம்பி எழுதியது கண்ணைத் திறந்தது. ‘வாஸ்’ ஏன் விட்டுப்போகிறது என்பதற்கு என் பங்கு கொஞ்சம். பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடமாக வியட்நாமிய மொழி படித்துவருகிறேன்.

அந்த மொழியில் வினைச்சொல் உருமாறாது. காலத்துக்கும் சரி, இடத்துக்கும் சரி, ஒரே உருவம்தான். செயப்பாட்டுக்கு முன்னால் ஒரு சிறு சொல் வரும். கெட்டது நடந்தால் ‘பி’, நல்லது நடந்தால் ‘டுஓக்’. சம்பளம் கூடினால் ‘டுஓக்’, வேலையிலிருந்து துரத்தினால் ‘பி’. நடந்தது எனக்கு நல்லதா கெட்டதா என்பதை அந்த ஒரு அசை சொல்லிவிடும்.

நம் ‘படு’ என்ன செய்கிறது? அடிபட்டான், அவமானப்பட்டான், கஷ்டப்பட்டான். நீக்கப்பட்டான் என்பதில் இருப்பதும் அதே ‘படு’ தான். இன்றைய எழுத்துத்தமிழில் ‘பாராட்டப்பட்டான்’ என்றும் எழுதுகிறோம், அது வேறு. பேச்சில் ‘படு’ இன்னும் பெரும்பாலும் துன்பத்தின் பக்கம்தான். ‘பி’ என்ற சொல்லின் உணர்வு தமிழனுக்கு உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்து ‘வாஸ்’ நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒன்றேதான். பதவி உயர்வும் ‘வாஸ்’, பணிநீக்கமும் ‘வாஸ்’. உணர்ச்சி இல்லாத வெறும் சொல்லாக இருப்பதால் மாணவர் மனதில் அது ஒட்டுவதில்லை. ‘ஃபயர்ட்’ என்பதிலேயே ‘கெட்டது எனக்கு நடந்தது’ என்பது வந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். “உங்கள் ‘பி’ இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு ‘வாஸ்’ வைக்கவேண்டும்” என்று சொல்லிப்பாருங்கள்.

கூடுதலாக ஒன்று: ‘சா தாய்’ சீனத்திலிருந்து வந்த சொல். மணலை அலசி வேண்டாததைக் கழிப்பது அதன் மூலப்பொருள். நாம் கழித்துக்கட்டுவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதே படம்.

நெல்மணி:

ஐயா, ‘பி’ – ‘வாஸ்’ யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நன்றி. தம்பி, உங்கள் இரண்டு கேள்வியையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இவர்கள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். வியட்நாமிய மொழியில் ‘ட்’ என்று மென்மையாக முடியும் சொல் இல்லை, ‘ஃப்’, ‘ஸ்’ முடிவும் இல்லை. ‘வாஸ்’ என்பது ‘வா’ ஆகும், ‘ஃபயர்ட்’ ‘ஃபாய’ ஆகும், ‘லெய்ட் ஆஃப்’ ‘லே ஆ’ ஆகும். இலக்கணம் தெரிந்து சரியாகச் சொன்னாலும் காதில் விழுவது தப்பாகத்தான் விழும். நம்மவர்கள் கடைசியில் ஒரு உகரம் சேர்த்து ‘லெய்டு ஆஃபு’ என்போம். விநோதமாக இருந்தாலும் எழுத்து ஒன்றும் காணாமல் போவதில்லை.

‘சோ ஙி’ என்றும் ஒன்று சொல்கிறார்கள். ஓய்வெடுக்க விட்டார்கள் என்று அர்த்தம். நம் ஊரில் ‘வீட்டுக்கு அனுப்பிட்டாங்க’ என்கிறோமே, அந்த மாதிரி பூசி மெழுகிய சொல். ஆங்கிலத்து ‘லெட் கோ’ இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ‘லெட்’ என்றால் அனுமதி என்று படித்திருப்பதால், நான் கேட்டேன், அவர்கள் விட்டார்கள் என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வழிப்போக்கன்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நேர்காணலுக்குப் போகிறவருக்கு ஏன் இவ்வளவு? ‘ஐ லெஃப்ட்’ என்று சொல்லிக்கொடுங்கள். ‘ஙி வியெக்’ மாதிரியே அதுவும் எல்லாவற்றையும் மூடும் சொல். திருப்பூரில் பத்து வருடம் பனியன் கம்பெனிகளில் இருந்தேன். முந்தின கம்பெனியில் என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லோரும் ‘நின்னுட்டேன்’ என்பார்கள். சீட்டைக் கிழித்திருந்தாலும் ‘நின்னுட்டேன்’ தான். அது பொய் இல்லை. ஒரு மனுஷன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. வியட்நாமியர்களிடமும் அதே பண்பு இருந்தால், அதைப் பிடுங்கி எறியச் சொல்வது என்ன நியாயம்?

பிங்யுவொங்_வாசி:

அண்ணா, நீங்கள் சொல்லும் மானம் எனக்குப் புரிகிறது. ‘ஙி வியெக்’ என்ற சொல்லின் அழகே அதுதான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒருவர் ‘ஐ லெஃப்ட்’ என்றால் அடுத்த கேள்வி ‘ஏன்’ என்பதுதான். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஒன்பது வருடம் இருந்தவர் தானாக விட்டுப்போனார் என்றால், சண்டை போட்டாரோ, நிலையாக இருக்கமாட்டாரோ என்று யோசிப்பார்கள். ஆலை லைனை மூடியது என்றால் ஒரு சந்தேகமும் வராது.

2022 கடைசியிலும் 2023-இலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆர்டர் குறைந்தபோது இங்கே ஷூ, தையல், மரச்சாமான் ஆலைகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. எல்லா எச்.ஆர். ஆட்களுக்கும் அது தெரியும். ‘லெய்ட் ஆஃப்’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்தச் சொல் இவர்களை அவமானப்படுத்தாது, காப்பாற்றும். எதை வைத்துக் காப்பாற்றுகிறது? உண்மையை வைத்து.

காகிதமும் ஒரு காரணம். வெளிநாட்டுக் கம்பெனிகள் விலகல் கடிதத்தை இரண்டு மொழியில் கொடுப்பார்கள். ஆங்கிலப் பக்கத்தில் ‘டெர்மினேஷன்’ என்று இருக்கும். ஒப்பந்த மொழியில் அது எல்லா விதமான முடிவுக்கும் பொதுச்சொல். தானாக விலகினாலும் அதுதான், காலம் முடிந்தாலும் அதுதான். ஆனால் நேர்காணலில் “ஐ வாஸ் டெர்மினேட்டட்” என்று வாயால் சொன்னால் துரத்தியடித்தார்கள் என்றுதான் கேட்கும். நன்றாக விலகிப்போன ஒரு பையன் காகிதத்தைப் பார்த்துப் படித்த மாதிரி இதைச் சொன்னான். நான் பழைய கடிதத்தை வாங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் அவனுக்கு வேலை கிடைத்திருக்காது.

வழிப்போக்கன்:

அந்தப் பையன் கதையைக் கேட்டபிறகு ஒத்துக்கொள்கிறேன், தம்பி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே தவறு செய்து நீக்கப்பட்டவரும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவராக இருக்கலாம். வகுப்பு நடுவில் எழுப்பி, உங்கள் தவறா, அவர்கள் தவறா என்று கேட்டுவிடாதீர்கள். கற்பனை ஆட்களை வைத்துப் பயிற்சி கொடுங்கள்.

நெல்மணி:

அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. கண்டிப்பாகக் கற்பனை ஆட்கள்தான்.

அப்புறம் ராஜினாமா கடிதம். வியட்நாமிய மொழியில் அதன் பெயர் ‘டோன் ஸின் ஙி வியெக்’, அதாவது வேலையிலிருந்து நிற்க அனுமதி கேட்கும் விண்ணப்பம். ‘ஸின்’ என்றால் வேண்டுவது. எனவே மாணவர்கள் ஆங்கிலத்திலும் ‘தயவுசெய்து என்னை நிற்க அனுமதியுங்கள்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது அறிவிப்பு. ‘இந்தத் தேதியோடு விலகுகிறேன்’ என்று சொன்னால் போதும். கெஞ்சல் இல்லாமல் மரியாதையாக எழுதலாம் என்பதை ஒத்துக்கொள்ளவே அவர்களுக்கு நேரம் ஆகிறது.

‘நோட்டீஸ்’ கொடுப்பது பற்றித் தம்பியிடம் ஒரு சந்தேகம். எங்கள் பாடப்புத்தகத்தில் எங்கே பார்த்தாலும் ‘டூ வீக்ஸ் நோட்டீஸ்’ என்றே இருக்கிறது. இங்கே அது செல்லுமா?

பிங்யுவொங்_வாசி:

செல்லாது அக்கா! நல்லவேளை கேட்டீர்கள். அது அமெரிக்க வழக்கம். இங்கே காலவரையற்ற ஒப்பந்தம் என்றால் 45 நாள் முன்னால் சொல்லவேண்டும். 12 முதல் 36 மாத ஒப்பந்தத்துக்கு 30 நாள். 12 மாதத்துக்கும் குறைவு என்றால் 3 வேலைநாள். இந்தச் சட்டம் வந்தபிறகு காரணம் சொல்லத் தேவையில்லை, நாள்கணக்கு மட்டும் சரியாக இருக்கவேண்டும். சம்பளம் வராதது, அடி உதை, பாலியல் தொல்லை மாதிரி சிலவற்றுக்கு நாள்கூட இல்லாமல் உடனே போகலாம்.

புத்தகத்தை நம்பி இரண்டு வாரம் சொல்லிவிட்டுப் போனால் அது சட்டவிரோத விலகல் ஆகிவிடும். விலகல் தொகை போய்விடும். அரை மாதச் சம்பளமும், நோட்டீஸில் குறைந்த நாள்களுக்கான சம்பளமும் கம்பெனிக்கு இவர் கட்டவேண்டும். வேலையின்மைக் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. 2009-இலிருந்து இருக்கும் திட்டம் அது. கடைசி ஆறு மாதச் சராசரியில் 60 சதவீதம் தருகிறார்கள், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஒரு பாடப்புத்தக உதாரணத்தால் அதை இழக்கவேண்டாம்.

டெட் புத்தாண்டு போனஸ் கைக்கு வந்ததும் ‘ஞாய் வியெக்’, அதாவது வேலை தாவுவது, இங்கே வருடா வருடம் நடக்கும். அதற்கு முன்பே இந்தப் பாடத்தை முடித்துவிடுங்கள்.

கடலோடி:

கடிதம் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. ‘ரிசைன்’ என்பதில் நடுவே வருவது அதிரும் ஒலி, ஈ பறக்கிற மாதிரி. அதையே சாதாரண ‘ஸ்’ ஆக்கி ‘ரீ’ என்று நீட்டிச் சொன்னால் மறுபடி கையெழுத்துப் போடுவது, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என்று ஆகிவிடும். எழுத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோடு மட்டுமே வித்தியாசம். விலகுகிறேன் என்று சொல்ல வந்தவர் தொடர்கிறேன் என்று சொல்லிவிடுவார்.

பிங்யுவொங்_வாசி:

இது இங்கே நிஜமாகவே முக்கியம். கால வரையறை உள்ள ஒப்பந்தத்தை இரண்டு முறைதான் போடலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் காலவரையற்றதாக மாற்றவேண்டும். அதனால் ‘புதுப்பிக்கிறீர்களா, விலகுகிறீர்களா’ என்ற கேள்வி அடிக்கடி வரும். புதுப்பிப்பதற்கு ‘ரினியூ’ என்றே சொல்லச் சொல்லுங்கள், குழப்பம் தீர்ந்தது.

நெல்மணி:

இன்று வகுப்பு முடிந்தது. நடந்ததைச் சொல்லவேண்டும் என்று ராத்திரியே எழுதுகிறேன்.

பட்டியல் கொடுக்கவில்லை. வழிப்போக்கன் அண்ணா சொன்னபடி ஐந்து கற்பனை ஆட்கள். ஸ்டோர்ஸில் திருடியவர், லைன் மூடியதால் போனவர், கூடுதல் சம்பளத்துக்காகத் தாவியவர், ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காதவர், வயதாகி ‘வே ஹியூ’ போனவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்வி. முடிவு யாருடையது, தவறு யாருடையது? அவர்களே வியட்நாமிய மொழியில் அரைமணி நேரம் வாதாடினார்கள். சரியாகச் சொன்னால் சண்டையே போட்டார்கள். அதன்பிறகுதான் ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதினேன். ஆறே சொல்.

உச்சரிப்புக்கு ஒரு வழி கிடைத்தது. ‘லெய்ட்’, ‘ஆஃப்’ என்று பிரிக்காமல் ‘லெய்-டாஃப்’ என்று சேர்த்துச் சொல்லவைத்தேன். சொல்லின் முதலில் வரும் ‘ட’ அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. கடைசியில் வரும்போதுதான் விழுங்குகிறார்கள். இடத்தை மாற்றியதும் பதினான்கு பேருக்கும் வந்துவிட்டது. கடைசி ‘ஃப்’ இன்னும் பாதிப்பேருக்கு ‘ப்’ ஆகத்தான் வருகிறது, பரவாயில்லை, புரிகிறது.

கடைசியில் அந்த அம்மாவை மறுபடி நேர்காணல் நாற்காலியில் உட்காரவைத்தேன். அதே கேள்வி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மை லைன் க்ளோஸ்ட் இன் மார்ச். வீ வேர் லெய்டாஃப்” என்றார். ‘வேர்’ விடவில்லை!

உட்கார்ந்தவர் எழுந்துபோகவில்லை. இந்த ‘வீ’ எந்த ‘வீ’ என்று கேட்டார். வியட்நாமிய மொழியில் இரண்டு இருக்கிறது. எதிரில் இருப்பவரைச் சேர்க்காமல் சொல்வது ஒன்று, சேர்த்துச் சொல்வது இன்னொன்று. மேனேஜரிடம் ‘வீ’ என்றால் அவருக்கும் வேலை போனது மாதிரி ஆகிவிடாதா என்று கவலைப்பட்டார். ஆங்கிலத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றேன். அப்படியானால் ‘ஆல் சிக்ஸ்டி ஆஃப் அஸ்’ என்று சேர்த்துக்கொள்ளட்டுமா என்றார். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இலக்கணப்பித்தன்:

நாங்கள், நாம்! அவர்களிடம் ‘சூங் தொய்’, ‘சூங் தா’. இதைத் தமிழ் வாத்தியாரிடம் கேட்டதற்கு அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த ஐந்து கற்பனை ஆட்களின் விவரத்தையும் இங்கே போடுங்களேன், அம்மா. என் பக்கத்துத் தெருவில் பேச்சு ஆங்கிலம் எடுக்கும் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டும்.

நெல்மணி:

சனிக்கிழமை தட்டச்சு செய்து போடுகிறேன், ஐயா. திருடியவர் கதையை மட்டும் கொஞ்சம் மாற்றவேண்டும். அவர் நிஜமாகவே எடுத்தாரா என்பதில் வகுப்பு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.